கான்ஃபிகர் என்ன சொல்லுதுன்னு முதல்ல படிங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஒரே இடத்த சுத்தி தான் இருக்கு. வி.எல்.சி, எம்.பி.வி மாதிரி ஓப்பன் சோர்ஸ் மீடியா பிளேயர், அதுக்கு அடியில வேலை செய்ற எஃப்.எஃப்.எம்பெக் மாதிரி லைப்ரரிங்க, இதையெல்லாம் சோர்ஸ் கோடா, அதாவது டெவலப்பர் எழுதின நிரலாவே இறக்கி, நம்ம மெஷின்லயே கம்பைல் பண்ணி, அதாவது ஓடுற ப்ரோகிராமா மாத்தி, இன்ஸ்டால் பண்றது. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிறேன். பெரும்பாலும் டெபியன், உபுண்டுங்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) வச்சு சொல்றேன், ஃபெடோரால மாறுற இடத்த அங்கங்க சொல்லிடறேன். கான்ஃபிகர்ங்கிறது கட்டறதுக்கு முன்னாடி தேவையானது உங்க மெஷின்ல இருக்கான்னு பாக்குற ஸ்கிரிப்ட், மேக்ங்கிறது அதுக்கப்புறம் கம்பைல் பண்ற கமாண்ட்.

கேள்வி: சார், ஆப்ட் இன்ஸ்டால்னு ஒரு வரி அடிச்சா வி.எல்.சி வந்துடுது, அப்புறம் எதுக்கு உக்காந்து கம்பைல் பண்ணணும்? நாமளே கம்பைல் பண்ணா வேகமா ஓடும்னு ஃப்ரெண்ட் சொல்றான், நெஜமா?

உங்க பேக்கேஜ்ல வர்ற பிளேயர் எல்லா வீடியோவையும் ஒழுங்கா ஓட்டுதுன்னா கம்பைல் பண்ண வேண்டாம், அதையே வச்சுக்கோங்க. இத நான் முழுசா நம்பி தான் சொல்றேன்.

வேகம் பத்தின பேச்சு பழைய காலத்துல உண்மையா இருந்தது. எம்பிளேயர்ங்கிற பழைய பிளேயர் 2000ல ஆரம்பிச்சப்போ கம்பைல் பண்ற நேரத்துலயே உங்க ப்ராசசர் என்னன்னு பாத்து அதுக்கு மட்டும் பொருந்துற மாதிரி கட்டும், அதனால எவனோ கட்டி வச்ச பைனரிய விட நம்ம மெஷின்ல கட்டினது வித்தியாசமா ஓடும். இப்ப எஃப்.எஃப்.எம்பெக் பிளேயர் ஓடுற நேரத்துல தான் ப்ராசசர பாக்குது, அதுல என்ன வசதி இருக்கோ அதுக்கேத்த அசெம்ப்ளி கோட அப்பவே எடுத்துக்குது. அதனால பேக்கேஜ்ல வந்ததுக்கும் நீங்க கட்டினதுக்கும் வேகத்துல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வராது.

கம்பைல் பண்றதுக்கு நியாயமான காரணங்க வேற. டெபியன் ஸ்டேபிள் மாதிரி டிஸ்ட்ரோல பிளேயர் வெர்ஷன் பழசாவே நிக்கும், உங்களுக்கு வேணுங்கிற வசதி புதுசுல தான் இருக்கும். இல்லன்னா டிஸ்ட்ரோ பேட்டன்ட் பயத்துல கோடெக்க (வீடியோவ சுருக்கி விரிக்கிற கோட்) எடுத்துட்டிருக்கும், 2022ல ஃபெடோரா 37 வந்தப்போ மீசாங்கிற கிராபிக்ஸ் டிரைவர்ல இருந்து எச்.264, எச்.265 ஹார்டுவேர் டிகோடிங்க அப்படி தான் எடுத்தாங்க. இன்னொன்னு, நீங்க சொன்ன ஒரு பிழைய கிட்ல (டெவலப்பருங்க கோட மாத்தி மாத்தி சேத்து வைக்கிற இடம்) சரி பண்ணிட்டாங்க, ஆனா ரிலீஸ் வரல. கடைசியா எனக்கு ரொம்ப பிடிச்ச காரணம்: போன வெர்ஷன் வரைக்கும் ஓடின வீடியோ இந்த வெர்ஷன்ல ஓடலைன்னா, கிட் பைசெக்ட் வச்சு நடுவுல நடுவுல கம்பைல் பண்ணி பாத்து எந்த மாத்தத்துல கெட்டுச்சுன்னு நீங்களே பிடிச்சு டெவலப்பருக்கு சொல்லலாம், அந்த ஒரு தகவல் அவங்களுக்கு பத்து பக்க புகார விட பெருசு.

கேள்வி: வி.எல்.சி சோர்ஸ கிட்ல குளோன் பண்ணேன். எல்லா கைடும் கான்ஃபிகர் ரன் பண்ணுன்னு சொல்லுது, ஆனா ஃபோல்டர்ல அப்படி ஒரு ஃபைலே இல்ல. குளோன் பாதியில நின்னுடுச்சா?

குளோன் சரியா தான் வந்திருக்கு. கிட்ல கான்ஃபிகர் இருக்காது, அத உண்டாக்குற டெம்ப்ளேட் தான் இருக்கும், கான்ஃபிகர் டாட் ஏசின்னு பாருங்க. அதே ஃபோல்டர்ல பூட்ஸ்ட்ராப்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும், முதல்ல அத ஓட்டுங்க, அது ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் எல்லாம் கூப்பிட்டு கான்ஃபிகர எழுதி தரும். அதுக்கு அந்த மூணும், கூட கெட்டெக்ஸ்ட், ஃப்ளெக்ஸ், பைசனும் மெஷின்ல இருக்கணும். ரிலீஸ் டார்பால் (ஒவ்வொரு வெர்ஷனுக்கும் சோர்ஸ மூட்டை கட்டி தர்ற ஃபைல்) இறக்கினவங்களுக்கு இந்த படியே கிடையாது, அதுல கான்ஃபிகர் ரெடியா வரும். முதல் தடவை பண்றவங்க டார்பால்ல ஆரம்பிக்கிறது நல்லது.

எம்.பி.வில தேடினா கான்ஃபிகர், பூட்ஸ்ட்ராப் ரெண்டுமே கிடைக்காது. அது முன்னாடி வாஃப்னு ஒரு பில்ட் சிஸ்டம்ல இருந்தது, 0.35ல மீசானுக்கு மாறினாங்க, அப்புறம் 2023ல வாஃப சுத்தமா எடுத்துட்டாங்க. இப்ப மீசான் செட்டப், மீசான் கம்பைல், மீசான் இன்ஸ்டால், அவ்ளோ தான். நெட்ல இன்னும் வாஃப் கைடுங்க நிறைய கிடக்கு, கைடுல அந்த பேர் கண்ணுல பட்டா மூடிட்டு வேற தேடுங்க.

கேள்வி: வி.எல்.சி கான்ஃபிகர் பாதியில நின்னு லுவா கிடைக்கலன்னு சொல்லுது. ஆனா லுவா என் மெஷின்ல இருக்கு, டெர்மினல்ல ஓடுது. வேணாம்னா டிசேபிள் லுவா போட்டுக்கோன்னு அதுவே வழியும் சொல்லுது, போட்டுடட்டுமா?

போடாதீங்க. லுவாங்கிறது வி.எல்.சி தன் எக்ஸ்டென்ஷனுங்களுக்கு வச்சிருக்கிற ஸ்கிரிப்ட் மொழி. இத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா வந்த கடிதங்கள்ல லைப்ரரி பேர் மட்டும் தான் மாறுது, பிரச்சனை எல்லாருக்கும் இதே.

ஒரு லைப்ரரி லினக்ஸ்ல ரெண்டு பகுதியா பேக்கேஜ் ஆகி வரும். ஏற்கனவே கம்பைல் ஆன ப்ரோகிராம் ஓடறதுக்கு தேவையான பகுதி ஒண்ணு, அது தான் உங்ககிட்ட இருக்கு. அந்த லைப்ரரிய வச்சு புதுசா ஒரு ப்ரோகிராம கட்டணும்னா ஹெடர் ஃபைலுங்க வேணும், பிசின்னு முடியிற ஒரு சின்ன குறிப்பு ஃபைல் வேணும், அது இன்னொரு பேக்கேஜ்ல இருக்கும். டெபியன், உபுண்டுல அதோட பேர் டெவ்னு முடியும், ஃபெடோரால டெவல்னு முடியும். கான்ஃபிகர் நேரா போய் லைப்ரரிய தேடறதில்ல, பிகேஜி-கான்ஃபிக்னு ஒரு ப்ரோகிராம்கிட்ட கேக்குது, அது அந்த பிசி ஃபைல தேடுது, அந்த ஃபைல் இல்லன்னா அதுக்கு லைப்ரரியே இல்லாத மாதிரி தான். அதனால தான் கண்ணுக்கு முன்னாடி லுவா ஓடுறப்பவும் கிடைக்கலன்னு சொல்லுது.

லுவா விஷயத்துல இன்னொரு சிக்கல் உண்டு. வி.எல்.சி ஹெடர் மட்டும் கேக்காது, லுவா ஸ்கிரிப்ட்ட பைட்கோடா மாத்துற லுவாசிங்கிற கம்பைலரையும் கேக்கும். லிப்லுவா5.2-டெவ் போட்டா ஹெடர் வரும், லுவா5.2 பேக்கேஜ் போட்டா லுவாசி வரும், ரெண்டும் வேணும். ஒண்ணு போட்டதும் எரர் வரி லேசா மாறும், அத கவனிக்காம அதே எரர் திரும்ப வருதுன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, ரெண்டு வரியையும் பக்கத்துல வச்சு படிச்சு பாருங்க, வேற வேற சொல்லுது.

லுவாவ டிசேபிள் பண்ணா பிளேயர் வரும், ஆனா பிரவுசர்ல இருந்து கன்ட்ரோல் பண்ற இன்டர்ஃபேஸ் போயிடும், சப்டைட்டில் தேடி இறக்குற எக்ஸ்டென்ஷன் போயிடும், சில தளங்களோட லிங்க்க திறக்குற பிளேலிஸ்ட் ஸ்கிரிப்ட் போயிடும். ஆறு மாசம் கழிச்சு ஒரு மெனுவ திறந்து இது ஏன் காலியா இருக்குன்னு யோசிப்பீங்க, காரணம் இன்னிக்கு போட்ட இந்த ஒரு சொல்லுன்னு அப்ப ஞாபகம் இருக்காது.

ஒவ்வொண்ணா தேடி போடறதுக்கு பதில் ஒரு குறுக்குவழி இருக்கு, ஆப்ட்லயே பில்ட்-டெப்னு ஒரு கமாண்ட், பின்னாடி வி.எல்.சின்னு போட்டா டிஸ்ட்ரோ தன் வி.எல்.சி பேக்கேஜ கட்ட என்னென்ன போட்டுச்சோ அத்தனையும் ஒரேடியா இறக்கிடும். அது வேலை செய்ய சோர்ஸ் ரெப்பாசிட்டரி ஆன் ஆகி இருக்கணும், சோர்ஸஸ் ஃபைல்ல டெப்-எஸ்.ஆர்.சிங்கிற வரி. உபுண்டு 24.04ல அந்த ஃபைலோட இடமும் வடிவமும் மாறிடுச்சு, இப்ப உபுண்டு டாட் சோர்ஸஸ்ல டைப்ஸ்னு ஆரம்பிக்கிற வரில டெப் பக்கத்துல டெப்-எஸ்.ஆர்.சி சேக்கணும். ஃபெடோரால இதே வேலைக்கு டி.என்.எஃப் பில்ட்டெப். டிஸ்ட்ரோ வெர்ஷனுக்கும் நீங்க கட்டற வெர்ஷனுக்கும் தேவை கொஞ்சம் மாறலாம், ஆனா தொண்ணூறு பங்கு வேலை இதுலயே முடிஞ்சுடும்.

கேள்வி: பில்ட்-டெப் போட்டப்புறம் கான்ஃபிகர் எரர் இல்லாம முடிஞ்சுது. அப்ப எல்லாம் சரி தானே?

இல்ல! இங்க தான் ஜாக்கிரதையா இருக்கணும். கட்டாயம் வேணுங்கிறது இல்லன்னா தான் எரர் வரும், ஆப்ஷனலா இருக்கிறது கிடைக்கலைன்னா சத்தம் போடாம நோன்னு போட்டுட்டு அடுத்ததுக்கு போயிடும். கடைசில ஒரு சுருக்கம் அச்சாகும், எஃப்.எஃப்.எம்பெக்ல எந்தெந்த டிகோடர், எந்தெந்த வெளி லைப்ரரின்னு முழு பட்டியலே வரும், மீசான்லயும் செட்டப் ஓடும்போது ஒவ்வொரு லைப்ரரிக்கும் எஸ், நோன்னு வரி வரியா போகும். அத மேல ஸ்க்ரோல் பண்ணி படிங்க. ஆடியோவுக்கு பல்ஸ்ஆடியோ இல்ல பைப்வையர், வீடியோவுக்கு வேலண்ட் இல்ல எக்ஸ்11, ஹார்டுவேர் டிகோடிங்குக்கு வி.ஏ-ஏ.பி.ஐ, சப்டைட்டிலுக்கு லிப்ஆஸ், இது எதுக்காவது நோன்னு இருந்தா மேக் அடிக்காதீங்க. சத்தம் வரல, வீடியோ கருப்பா வருதுன்னு எனக்கு வர்ற கடிதங்களுக்கு பதில் பெரும்பாலும் அந்த பட்டியல்லயே இருக்கு.

கேள்வி: எஃப்.எஃப்.எம்பெக் கான்ஃபிகர்ல நாஸ்ம் இல்லன்னு வருது, எக்ஸ்86 ஏ.எஸ்.எம்ம டிசேபிள் பண்ணா போயிடும்னு அதுவே சொல்லுது. பண்ணேன், போயிடுச்சு. ஆனா 4கே வீடியோ திக்குது.

அந்த எரர் வரிய முழுசா படிச்சிருந்தா அதுலயே எச்சரிக்கை இருந்திருக்கும், அந்த ஆப்ஷன் போட்டா அரைகுறை பில்ட் தான் கிடைக்கும்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. வீடியோ டிகோடிங்ல திரும்ப திரும்ப நடக்குற கணக்குங்கள எஃப்.எஃப்.எம்பெக் ஆளுங்க சி மொழில மட்டும் விடாம கையால அசெம்ப்ளில எழுதி வச்சிருக்காங்க, எஸ்.எஸ்.இ, ஏ.வி.எக்ஸ்2 மாதிரி ப்ராசசர் வசதிய வச்சு ஒரே அடில பல பிக்சல கணக்கு போடுற கோட். நாஸ்ம்ங்கிறது அந்த அசெம்ப்ளிய மெஷின் கோடா மாத்துற ப்ரோகிராம். அது இல்லன்னு அசெம்ப்ளியயே தூக்கிட்டா வருஷக்கணக்குல மனுஷங்க உக்காந்து எழுதின உழைப்பு மொத்தமும் உங்க பில்ட்ல இல்லாம போயிடும். நாஸ்ம் பேக்கேஜ போட்டு கான்ஃபிகர திரும்ப ஓட்டுங்க, மேக் கிளீன் பண்ணிட்டு மறுபடி கட்டுங்க.

ஏ.வி.1 வீடியோவுக்கு வீடியோலேன் 2018ல கொண்டு வந்த டேவ்1டி டிகோடருக்கும் இதே கதை தான், அதுலயும் அசெம்ப்ளி மலை மாதிரி இருக்கு, நாஸ்ம் இல்லாம கட்டினா அந்த டிகோடரோட அருமையே தெரியாது.

கேள்வி: எக்ஸ்264, எக்ஸ்265, லேம், எஃப்.டி.கே-ஏ.ஏ.சி எல்லாம் தனித்தனியா கம்பைல் பண்ணி எஃப்.எஃப்.எம்பெக்ல சேக்கணுமா? எக்ஸ்264 சேத்தா ஜி.பி.எல் எரர் வருது. நான் கட்டினத ஃப்ரெண்ட்ஸ்க்கு குடுக்கலாமா?

வீடியோ பாக்க மட்டும் தான்னா நீங்க சொன்ன நாலுல ஒண்ணு கூட வேண்டாம். நாலையும் சேக்கறது முக்கியமா என்கோடிங்குக்கு, அதாவது வீடியோ ஆடியோவ உருவாக்குறதுக்கு. எச்.264, எச்.இ.வி.சி, ஏ.ஏ.சி, எம்.பி.3, ஓபஸ் இதையெல்லாம் ஓட்ட டிகோடர் எஃப்.எஃப்.எம்பெக் உள்ளயே இருக்கு. ஏ.வி.1 மட்டும் விதிவிலக்கு, அதுக்கு எஃப்.எஃப்.எம்பெக்கோட சொந்த டிகோடர் கிராபிக்ஸ் கார்டு உதவி இல்லாம ஓடாது, அதனால லிப்டேவ்1டிய மறக்காம எனேபிள் பண்ணுங்க. ஒரு பிளேயருக்கு உண்மைலயே சேக்க வேண்டியது அது தான்.

என்கோடிங்கும் பண்ணுவீங்கன்னா லைசென்ஸ் கணக்கு தெரிஞ்சுக்கணும். எஃப்.எஃப்.எம்பெக் சும்மா கட்டினா எல்.ஜி.பி.எல். எக்ஸ்264, எக்ஸ்265 ரெண்டும் ஜி.பி.எல், அத சேத்தா மொத்தமும் ஜி.பி.எல் ஆயிடும், அதுக்கு உங்க சம்மதத்த தான் எனேபிள்-ஜி.பி.எல்னு போட சொல்லி கேக்குது. போட்டுக்கிட்டு யாருக்கு வேணா குடுக்கலாம், ஆனா சோர்ஸும் கிடைக்கிற மாதிரி வச்சு தான் குடுக்கணும். எஃப்.டி.கே-ஏ.ஏ.சிய ஜி.பி.எல்லோட சேத்தா லைசென்ஸ் ரெண்டும் ஒத்து போகாது, எனேபிள்-நான்ஃப்ரீன்னும் போட வேண்டி வரும், அப்ப கான்ஃபிகர் சுருக்கத்துலயே லைசென்ஸ் வரில மறுவிநியோகம் பண்ண முடியாததுன்னு அச்சாகும். அந்த பைனரி உங்க மெஷினோட சரி, ஃப்ரெண்டுக்கு பென்டிரைவ்ல போட்டு குடுக்கறது கூட தப்பு தான்.

கேள்வி: மேக் அடிச்சு பாதி வரைக்கும் நல்லா போய் கில்டுன்னு ஒரே வார்த்தை வந்து நின்னுடுது. கோட்ல என்ன தப்புன்னு சொல்லவே மாட்டேங்குது.

கோட்ல தப்பு இல்ல, மெமரி தீந்துடுச்சு. கெர்னல் தான் கம்பைலர கொன்னுருக்கு, டி.மெசெஜ் அடிச்சு கடைசி வரிங்கள பாத்தா அவுட் ஆஃப் மெமரின்னு சிசி1பிளஸ் பேரோட இருக்கும். மேக்குக்கு ஜே போட்டு கோர் எண்ணிக்கைய குடுத்திருப்பீங்க, எட்டு கோர்னா எட்டு கம்பைலர் ஒரே நேரத்துல ஓடும், வி.எல்.சில கியூட்டி இன்டர்ஃபேஸ் பகுதி சி பிளஸ் பிளஸ்ல இருக்கு, அந்த இடம் வந்ததும் ஒவ்வொண்ணும் நிறைய மெமரி கேக்கும். ஜே2 போட்டு திரும்ப மேக் அடிங்க, முடிஞ்ச வரைக்கும் அப்படியே இருக்கும், விட்ட இடத்துல இருந்து தொடரும். எம்.பி.வி பெரும்பாலும் சி கோடு, அதுல இந்த தொல்லை வர்றது கம்மி.

ஒரு சேதி: ஜே போட்டு ஓட்டும்போது எரர் வந்தா கடைசி வரிய பாத்து பிரயோஜனம் இல்ல, மத்த கம்பைலருங்களும் நடுவுல எழுதிட்டே இருக்கும். ஜே1 போட்டு ஒரு தடவை ஓட்டுங்க, முதல்ல வர்ற எரர் தான் எரர், அதுக்கு கீழ வர்றது எல்லாம் அதோட விளைவு. கடிதம் எழுதறவங்களும் அந்த முதல் எரர அனுப்புங்க.

கேள்வி: நான் கட்டின பிளேயர்ல தமிழ் சப்டைட்டில் தப்பா வருது. கொம்பு எழுத்துக்கு பின்னாடி போய் உக்காருது. அதே ஃபைல் பேக்கேஜ் வி.எல்.சில நல்லா இருக்கு. ஃபான்ட் மாத்தி பாத்துட்டேன்.

இந்த கேள்விக்கு நன்றி, சரியா கவனிச்சு எழுதியிருக்கீங்க. தமிழ் சப்டைட்டில் கெடறது மூணு மாதிரி, பாத்த உடனே எதுன்னு சொல்லிடலாம். எழுத்துக்கு பதில் கட்டம் கட்டமா வந்தா ஃபான்ட்ல தமிழ் இல்ல. சம்பந்தமே இல்லாத ஐரோப்பிய எழுத்தா குப்பை மாதிரி வந்தா என்கோடிங் தப்பு, ஃபைல யு.டி.எஃப்-8ல சேவ் பண்ணுங்க. எழுத்து தமிழ் தான், ஆனா கொம்பு இடம் மாறி நிக்குதுன்னா அது உங்க கேஸ், ஃபான்ட்ட எத்தனை மாத்தினாலும் சரியாகாது.

காரணம் இது. யுனிகோட்ல கெ-ங்கிற எழுத்து ஃபைலுக்குள்ள க முதல்லயும் கொம்பு அப்புறமும் தான் பதிவாகி இருக்கும், நாம உச்சரிக்கிற வரிசைப்படி. திரைல காட்டும்போது தான் கொம்ப முன்னாடி கொண்டு வரணும், கொ-ன்னா ஒரே குறிய ரெண்டா பிரிச்சு கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு வைக்கணும். இந்த வேலைய பண்றது ஹார்ஃப்பஸ்ங்கிற லைப்ரரி. எம்.பி.வில சப்டைட்டில வரையிறது லிப்ஆஸ், லிப்ஆஸ் ஹார்ஃப்பஸ்ஸ கூப்பிட்டு எழுத்த அடுக்கும். லிப்ஆஸ் பழைய வெர்ஷன்கள்ல ஹார்ஃப்பஸ் ஆப்ஷனல், டெவ் பேக்கேஜ் இல்லன்னா அது இல்லாமலே கட்டிக்கும், ஆங்கில சப்டைட்டில் போட்டு பாக்குறவருக்கு கடைசி வரைக்கும் வித்தியாசமே தெரியாது, நமக்கு தான் தெரியும், இந்தி, அரபி படிக்கிறவங்களுக்கும் தெரியும். வி.எல்.சிலயும் சாதா எஸ்.ஆர்.டி சப்டைட்டில வரையிற ஃப்ரீடைப் பகுதி 3.0ல இருந்து ஹார்ஃப்பஸ்ஸ எடுத்துக்கும், ஆனா கான்ஃபிகர் நேரத்துல கிடைச்சா தான்.

லிப்ஹார்ஃப்பஸ்-டெவ், லிப்ஃப்ரிபிடி-டெவ், லிப்ஃபான்ட்கான்ஃபிக்-டெவ் மூணையும் போடுங்க. லிப்ஆஸ நீங்களே கட்டியிருந்தா அதையும் சேத்து திரும்ப கான்ஃபிகர்ல இருந்து ஆரம்பிங்க, மேக் மட்டும் அடிச்சா பழைய முடிவையே வச்சுக்கும். கட்டி முடிச்சதும் எல்.டி.டி கமாண்ட்ட லிப்ஆஸ் ஃபைல் மேல ஓட்டி ஹார்ஃப்பஸ் பேர் வருதான்னு பாருங்க. நீங்க இன்டர்ஃபேஸ் மெனுவையே தமிழ்ல பாக்க நினைச்சா கெட்டெக்ஸ்ட் இல்லாம கட்டாதீங்க, மொழிபெயர்ப்பு ஃபைலுங்கள தயார் பண்றது அது தான்.

கேள்வி: இன்ஸ்டால் முடிஞ்சப்புறமும் வெர்ஷன் கேட்டா பழசையே காட்டுது. இன்னொரு மெஷின்ல ஷேர்டு லைப்ரரிய திறக்க முடியலன்னு வந்து பிளேயரே எழும்ப மாட்டேங்குது.

ரெண்டுக்கும் ஒரே வேர் தான். நாம கட்டினது யு.எஸ்.ஆர் லோக்கலுக்குள்ள போகும், டிஸ்ட்ரோவோடது யு.எஸ்.ஆர் உள்ளயே இருக்கும், ரெண்டும் மெஷின்ல ஒண்ணா இருக்கு. டைப் மைனஸ் ஏ போட்டு பிளேயர் பேர குடுங்க, எந்தெந்த இடத்துல இருக்குன்னு வரிசையா சொல்லும். வரிசைல புதுசு முதல்ல இருந்தும் பழசு ஓடுதுன்னா பேஷ் பழைய இடத்த ஞாபகம் வச்சிருக்கு, ஹாஷ் மைனஸ் ஆர் அடிங்க, இல்ல டெர்மினல மூடி திறங்க.

லைப்ரரி எரருக்கு முதல்ல சூடோ (அட்மின் உரிமையோட ஓட்டற கமாண்ட்) போட்டு எல்.டி-கான்ஃபிக் ஓட்டுங்க, புதுசா வந்த லைப்ரரிங்க அப்ப தான் லிங்கரோட பட்டியல்ல ஏறும். சில டிஸ்ட்ரோல யு.எஸ்.ஆர் லோக்கல் லிப்64 அந்த தேடல் பட்டியல்லயே இருக்காது, எல்.டி.எஸ்.ஓ டாட் கான்ஃப் டாட் டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டு அந்த பாதைய எழுதிட்டு அப்புறம் எல்.டி-கான்ஃபிக் ஓட்டணும்.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ப்ரிஃபிக்ஸ, அதாவது இன்ஸ்டால் ஆக வேண்டிய இடத்த, யு.எஸ்.ஆர்னு குடுத்து டிஸ்ட்ரோ ஃபைலுங்க மேலயே எழுதற கைடுங்கள நம்பாதீங்க, அடுத்த அப்டேட்ல ஆப்ட் உங்க ஃபைல அடிச்சுட்டு போகும், இல்ல பாதி அதோடது பாதி உங்களோடதுன்னு கலந்து நிக்கும். எஃப்.எஃப்.எம்பெக்க ஷேர்டு லைப்ரரியா யு.எஸ்.ஆர் லோக்கல்ல போடறதுலயும் ஆபத்து இருக்கு, வெர்ஷன் எண் டிஸ்ட்ரோவோடதும் உங்களோடதும் ஒண்ணா அமைஞ்சுட்டா மெஷின்ல இருக்கிற மத்த ப்ரோகிராமும் உங்களோடத எடுத்துக்கும், நீங்க சில டிகோடர விட்டு கட்டியிருந்தா ஃபயர்ஃபாக்ஸ்ல வீடியோ ஓடாம போகலாம், யாரும் அத உங்க பில்ட்டோட சேத்து யோசிக்க மாட்டாங்க. எம்.பி.வி ஆளுங்களே எம்.பி.வி-பில்ட்னு ஒரு ஸ்கிரிப்ட் தொகுப்பு வச்சிருக்காங்க, அது எஃப்.எஃப்.எம்பெக், லிப்ஆஸ், லிப்பிளாசிபோ (வீடியோவ திரைல வரையிற லைப்ரரி) மூணையும் கட்டி எம்.பி.வி பைனரிக்குள்ளயே ஸ்டாட்டிக்கா சேத்துடும், சிஸ்டம்ல இருக்கிற எதையும் தொடாது. எம்.பி.வி 0.37ல இருந்து லிப்பிளாசிபோ கட்டாயம் ஆயிடுச்சு, பழைய டிஸ்ட்ரோல அதோட வெர்ஷன் பத்தாது, அதனாலயும் இந்த வழி தான் நிம்மதி.

கேள்வி: சூடோ போட்டு வி.எல்.சி ஓட்டினா ஓட மாட்டேங்குது.

ஓடக்கூடாது. ரூட்டா, அதாவது அட்மின் உரிமையோட, ஓட விடமாட்டோம்னு அவங்களே தெரிஞ்சு தான் தடுத்திருக்காங்க. சூடோ இல்லாம ஓட்டுங்க. இன்ஸ்டால் கூட பண்ணாம பில்ட் ஃபோல்டர்லயே இருக்கிற வி.எல்.சிய நேரா ஓட்டி பாக்கலாம்.

கேள்வி: சோர்ஸ்ல இருந்து கட்டினா வைரஸ் பயமே இல்லன்னு சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை கூட இல்ல. 2024 மார்ச் 29ம் தேதி ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற டெவலப்பர் வெளிய சொன்ன எக்ஸ்-இசட் விவகாரத்த எல்லாரும் தெரிஞ்சுக்கணும். எக்ஸ்-இசட்ங்கிறது டார்பால விரிக்கிற கம்ப்ரெஷன் கருவி, அதோட 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்ல பின்வாசல் வச்சிருந்தாங்க. எஸ்.எஸ்.எச் (தூரத்துல இருக்கிற மெஷினுக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் மெதுவா ஆனத பாத்து விடாம துருவினதுல பிடிபட்டுச்சு. இதுல நமக்கு முக்கியமானது என்னன்னா, அத கிளப்பி விடற ஸ்கிரிப்ட் கிட்ல இல்ல, ரிலீஸ் டார்பால்ல மட்டும் இருந்தது, அது வேலை செஞ்ச இடம் கான்ஃபிகர், மேக் ஓடுற நேரம். அதாவது பிளேயர திறக்கறதுக்கு முன்னாடியே, கட்டும்போதே, சோர்ஸ்ல இருக்கிற ஸ்கிரிப்ட் உங்க மெஷின்ல என்ன வேணா பண்ணலாம்.

அதனால டார்பால அதிகாரப்பூர்வ தளத்துல இருந்தே எடுங்க. வீடியோலேனும் எஃப்.எஃப்.எம்பெக்கும் ரிலீஸோட கையெழுத்து ஃபைல் வைக்கிறாங்க, ஜி.பி.ஜிங்கிற கருவில சரி பாருங்க, செக்சம் (ஃபைல் மாறலன்னு காட்டற எண்) மட்டும் பாத்தா போதாது, தளத்துல டார்பால மாத்த முடிஞ்சவனுக்கு செக்சம்ம மாத்த தெரியாதா. ஆனா எக்ஸ்-இசட்ல பொறுப்புல இருந்த ஆளே ரிலீஸ் போட்டதால கையெழுத்தும் சரியாவே இருந்திருக்கும், அதுக்கு கையெழுத்து மருந்தில்ல. கான்ஃபிகரையும் மேக்கையும் சாதாரண யூசரா தான் ஓட்டணும், சூடோ கடைசி இன்ஸ்டால் படிக்கு மட்டும். ஹோம் ஃபோல்டருக்குள்ள ப்ரிஃபிக்ஸ் குடுத்தா அதுக்கும் தேவையில்ல. டிஸ்ட்ரோ பேக்கேஜுக்கு பாதுகாப்பு அப்டேட் தானா வரும், நீங்க கட்டினதுக்கு வராது, பிளேயருங்க எங்கிருந்தோ வர்ற ஃபைல திறக்கிற சாஃப்ட்வேர், அதுல ஓட்டை வந்துட்டே இருக்கும், ரிலீஸ் அறிவிப்ப பாத்து திரும்ப கட்ட மனசு இருந்தா மட்டும் இந்த வேலைக்கு வாங்க.

கேள்வி: விண்டோஸ்ல வி.எல்.சிய கம்பைல் பண்ண எந்த சாஃப்ட்வேர் போடணும்?

வி.எல்.சி ஆளுங்க விண்டோஸ் பில்ட்டையே லினக்ஸ்ல இருந்து மிங்டபிள்யூங்கிற கம்பைலர் வச்சு கிராஸ் கம்பைல் (ஒரு சிஸ்டத்துல இருந்துட்டு இன்னொண்ணுக்கு கட்டறது) பண்ணி தான் எடுக்கறாங்க, நீங்களும் அதே வழில போங்க. தேவையான வெளி லைப்ரரிங்கள கட்டித்தர சோர்ஸ்லயே கான்ட்ரிப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. எம்.பி.வின்னா விண்டோஸ்லயே எம்சிஸ்2 போட்டு கட்டலாம்.

கேள்வி: கட்டினது வேணாம்னு தோணுது, எப்படி எடுக்கறது? சோர்ஸ் ஃபோல்டர அழிச்சா போதுமா?

அழிக்காதீங்க, அது தான் உங்க கைல இருக்கிற ஒரே பட்டியல். இன்ஸ்டால் ஆன ஃபைலுங்க பின்னு, லிப்பு, ஷேருன்னு பல இடத்துல பரவி கிடக்கும், சோர்ஸ் ஃபோல்டர அழிச்சா அது எதுவும் போகாது. வி.எல்.சில அதே ஃபோல்டர்ல இருந்து சூடோ போட்டு மேக் அன்இன்ஸ்டால், மீசான்ல கட்டினதுக்கு பில்ட் ஃபோல்டர்ல நிஞ்சா அன்இன்ஸ்டால், அப்புறம் ஒரு எல்.டி-கான்ஃபிக். ஃபோல்டர ஏற்கனவே அழிச்சுட்டீங்கன்னா அதே வெர்ஷன அதே ஆப்ஷனோட திரும்ப இறக்கி கான்ஃபிகர் பண்ணி அதுல இருந்து அன்இன்ஸ்டால் ஓட்டலாம், மீசான்னா திரும்ப ஒரு தடவை கட்டி இன்ஸ்டாலும் பண்ணிட்டு தான் ஓட்டணும், அதுக்காகவே கான்ஃபிகர் வரிய எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க. அடுத்த தடவை ப்ரிஃபிக்ஸ ஆப்ட் ஃபோல்டருக்குள்ள, அதாவது ரூட்டுக்கு கீழ ஓ.பி.டின்னு இருக்குமே அதுக்குள்ள, பிளேயருக்குன்னு ஒரு தனி ஃபோல்டரா குடுங்க, வேணாம்னா அந்த ஒரு ஃபோல்டர அழிச்சா முடிஞ்சுது.